நங்கூரம் போட வேண்டிய நேரம்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நடைபெற்ற மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்த மாதக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, விதவையர் உதவி, மருத்துவ முகாம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்று நங்கூரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். நமக்கு எதற்கு நங்கூரம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம்மில் எத்தனை வீடுகள் கீழக்கரையிலும் தொண்டியிலும் ராமேஸ்வரத்திலும் காயல்பட்டினத்திலும் பெண் கொடுத்து, பெண் எடுத்திருக்கின்றன! பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னவுடன் இந்த மஹல்லாவில் எத்தனை தாய்மார்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள்! புயல் கடற்கரையில் அடித்தாலும் அதன் நடுக்கம் நம் வீட்டு அடுப்படி வரை வருகிறது.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதம், நம் மஹல்லாவில் பெண் எடுத்த ஒரு தம்பி நம் அலுவலகத்திற்கு வந்தார். ராமநாதபுரம் கரையில் அவருக்கு ஒரு நாட்டுப்படகு இருந்தது. பாயும் உண்டு, இன்ஜினும் உண்டு. படகு கடனில் வாங்கியது. அவர் அரிசியோ பணமோ இனாமாகக் கேட்கவில்லை. "நங்கூரக் கயிறு இத்துப்போச்சு மாமா. புதுக் கயிறும் கொஞ்சம் சங்கிலியும் வாங்கணும். கடனாக் குடுங்க, பங்குனிக்குள்ள திருப்பிடுறேன்" என்றார்.

நாங்கள் கமிட்டியில் வைத்தோம். படகுக் கயிற்றுக்குப் பைத்துல்மால் பணமா என்று ஒருவர் கேட்டார். மதுரைக்கு வெளியே கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதி வைத்தோம். அடுத்த கூட்டத்திற்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. கார்த்திகையில் தாழ்வு மண்டலம் வந்துவிட்டது.

அவர் பழைய கயிற்றிலேயே படகை நிறுத்தி, இரவு படகிலேயே தங்கிவிட்டார். நடு இரவில் கயிறு அறுந்து படகு பாரில் மோதியது. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் கயிறு வீசி அவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. படகு போயிற்று. பிறகு அந்தக் குடும்பத்திற்கு நாம் செய்த உதவி, அவர் முதலில் கேட்ட தொகையைப்போல் பல மடங்கு.

ஏன் தம்பி இறங்கி வரவில்லை என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது. "கடன் படகு மேல இருக்கு மாமா. படகு போயிட்டா நான் கரையில உயிரோட நின்னு என்ன செய்ய?"

அவர் அறியாமையால் படகில் தங்கவில்லை. கடன் அவரைத் தங்க வைத்தது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

இனி நங்கூரத்தின் வேலையைப் பார்ப்போம். நங்கூரம் கனமாக இருப்பதால் படகை நிறுத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். எடை மட்டும் போதாது. அதன் கொக்கி தரைக்குள் புதைந்து பிடிக்க வேண்டும். கயிறு தரையோடு படுத்த வாக்கில் இழுத்தால் கொக்கி மேலும் மேலும் புதையும். கயிறு நெட்டாக மேல்நோக்கி இழுத்தால் கொக்கி பெயர்ந்துவிடும். அதனால்தான் கயிற்றை நீளமாக விட வேண்டும் என்கிறார்கள். அமைதியான நாளில் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு விட்டால் போதும் என்றால், காற்று எழும்பும் நாளில் ஏழு மடங்கோ அதற்கு மேலோ விட வேண்டும். மூன்று பாகம் ஆழத்தில் நிற்கும் படகுக்கு இருபத்தொரு பாகம் கயிறு வேண்டும். புயலில் கடல் மட்டமே உயர்கிறது. ஆழம் கூடக் கூடக் கயிற்றையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். கையில் மிச்சக் கயிறு இல்லாதவன் எதைக் கொடுப்பான்?

நங்கூரத்தை ஒட்டிச் சில பாகம் சங்கிலி போடுவது இதற்காகவே. சங்கிலியின் எடை கயிற்றைத் தரையோடு படுக்க வைக்கிறது. பாரில் உரசினாலும் சங்கிலி அறுவதில்லை. தரையும் முக்கியம். சேறும் கெட்டி மணலும் நன்றாகப் பிடிக்கும். பாறையில் கொக்கி ஒன்று பிடிக்கவே பிடிக்காது, அல்லது சிக்கிக்கொண்டு வராது.

பெரும்பாலும் கயிறு அறுவது தண்ணீருக்குள் அல்ல. படகின் முன்பக்கமான அணியத்தில், கயிறு விளிம்பில் உரசும் இடத்தில்தான் அறுகிறது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் உரசினால் எந்தக் கயிறும் நைந்துவிடும். அந்த இடத்தில் சாக்கோ பழைய துணியோ சுற்றி, அவ்வப்போது கயிற்றைச் சிறிது விட்டு உரசும் இடத்தை மாற்ற வேண்டும். பாயை இறக்கிச் சுருட்டிக் கட்ட வேண்டும். பருமலையும் இறக்கிவிட வேண்டும். காற்றுக்கு முகம் காட்டும் பொருள் எல்லாம் நங்கூரத்துக்குச் சுமை. படகுகளை நெருக்கமாகக் கட்டக் கூடாது. துறைமுகத்திற்குள்ளேயே ஒன்றோடொன்று மோதி உடையும் படகுகள் ஏராளம்.

கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு மினாராவையும் ஒரு பனையையும் என்று வைத்துக்கொள்வோம், ஒரே கோட்டில் பார்த்து வைக்க வேண்டும். அந்தக் கோடு கலைந்தால் நங்கூரம் இழுபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். கயிற்றில் கை வைத்தால், தரையில் உரசிக்கொண்டு வரும் நங்கூரத்தின் அதிர்வும் தெரியும்.

அடுத்தது காற்று. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் ஒதுங்க இடம் தரும். தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். ஆகவே பருவம் பார்த்துப் படகை இடம் மாற்றுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

ஆனால் புயல் பருவக் காற்றைப்போல் ஒரே திசையில் வீசாது. நம் பகுதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து அது நெருங்கும்போது நமக்கு வாடை வீசும். புயலின் மையம் நமக்குத் தெற்கே கடந்தால் வாடை கொண்டலாக மாறி, பிறகு சோழகமாகும். மையம் நமக்கு வடக்கே கடந்தால் வாடை கச்சானாக மாறி, பிறகு சோழகமாகும். எப்படிப் பார்த்தாலும் வடக்கிலிருந்து தொடங்கிய காற்று தெற்கில் போய் முடிகிறது. மாலையில் வாடைக்குப் பயந்து தெற்குக் கரையை ஒட்டி ஒதுங்கிய படகை, விடிவதற்குள் சோழகம் அதே கரையில் கொண்டுபோய் மோதும். நம் தம்பியின் படகுக்கு நடந்தது இதுதான். முதல் பாதி இரவு அவர் நிம்மதியாக இருந்தார். இடம் சரியாகத்தான் இருந்தது. காற்று மாறியதும் அதே இடம் ஆபத்தாகிவிட்டது.

புயல் ஓர் இரவில் போய்விடும் என்றும் எண்ண முடியாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையில் திருகோணமலை அருகே கரை கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. அங்கே வலுவிழந்தும் நகராமல், ராமநாதபுரம் கரைக்கு அருகே நெடுநேரம் நின்றுவிட்டது. தூக்கமில்லாமல் ஒருவன் எத்தனை இரவு கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

நங்கூரத்தால் ஆகாத புயலும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே அலையில் போயிற்று. பாம்பன் பாலம் உடைந்தது. ஓர் ஊர் முழுவதும் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. ரயிலையே தூக்கிய அலை, ஒரு கயிற்றில் நிற்கும் மரப்படகை என்ன செய்யும்? அந்த நேரத்தில் படகை விட்டு மனிதன் இறங்கியிருக்க வேண்டும்.

பெரியோர்களே, நம் மதுரைக்கு வந்து போன ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறோம். இப்னு பதூதா அவர்களை மதரஸாப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பினார். 1340களில் கோழிக்கோட்டில் கப்பல்கள் தயாராக நின்றன. பரிசுப் பொருள்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறின. அவருடைய சொந்த உடைமைகள் ஒரு சிறிய கப்பலில் ஏறின. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுவதற்காக அவர் கரையில் தங்கினார்.

கோழிக்கோடு கப்பல்களை மறைத்துக் காக்கும் துறைமுகம் அல்ல, திறந்த கடற்கரை. கடல் சீறியது. சுல்தானின் பரிசுகளை ஏற்றிய கப்பல் கரையில் மோதிச் சிதைந்தது. அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். அதைக் கண்ட சிறிய கப்பலின் மாலுமிகள் பாய் விரித்துக் கடலுக்குள் போய்விட்டார்கள். இப்னு பதூதா கரையில் நின்று பார்த்தார். அவரிடம் மிஞ்சியது பத்து தீனாரும் ஒரு விரிப்பும். பொருள் எல்லாம் போயிற்று, உயிர் மிஞ்சியது. அந்த உயிர் மிஞ்சியதால்தான் பிற்காலத்தில் அவருடைய பயண நூல் உலகத்துக்குக் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. பின்பு இலங்கையிலிருந்து நம் மஅபர் கரைக்கு வரும்போது மறுபடியும் புயல். கப்பல் ஆழமில்லாத இடத்தில் தட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள். கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் செய்தார்கள். தெப்பத்தில் எல்லாருக்கும் இடமில்லை. தம்முடன் வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்புறத்தில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் அந்தக் கரையின் மக்கள் தங்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். வந்தவர் யார், எந்த மார்க்கத்தார் என்று கேட்டுவிட்டா படகை இறக்கினார்கள்? அதன் பிறகே அவர் சுல்தானைச் சந்தித்து, மதுரை நகரையும் பார்த்தார். நம் தம்பிக்குக் கயிறு வீசிய குப்பத்து மக்களும் அதே கரையின் மக்கள்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

நம் காலத்திற்கு வருவோம். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுல்ஆபிதீன், யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்ல ராமேஸ்வரத்தில் ஒரு மரப்படகு கட்டினார். உறவினர் ஜலாலுத்தீன் துணை நின்றார். ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோனதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் எழுதியிருக்கிறார். படகு போனது, குடும்பம் நின்றது. பள்ளிவாசலும் உறவும் அண்டை அயலாரும் உள்ள வீடு அது. அந்த வீட்டுப் பையன் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை நாம் அறிவோம்.

இப்போது மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஹூத் சூராவின் 41ஆம் வசனத்தில் நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பல் பற்றி வருகிறது. அது ஓடுவது மட்டுமல்ல, அது நிலைகொண்டு நிற்பதும் அல்லாஹ்வின் பெயராலேயே என்று அங்கே சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆக, நிற்பதும் ஒரு காரியம். அதற்கும் பிஸ்மில்லாஹ் உண்டு, அதற்கும் முயற்சி உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். இத்துப்போன கயிற்றில் படகைக் கட்டிவிட்டு துஆ கேட்பதும், கயிறு கேட்டு வந்தவரை அடுத்த கூட்டத்திற்கு வரச் சொல்லிவிட்டு துஆ கேட்பதும் தவக்குல் ஆகாது. முதல் தவறு அந்தத் தம்பியுடையது என்றால், இரண்டாவது நம்முடையது.

ஷரீஅத் பாதுகாக்கும் ஐந்தில் உயிரும் உண்டு, பொருளும் உண்டு. ஆனால் பொருளுக்காக உயிரைக் கொடுக்கும் நிலைக்கு ஒருவனைத் தள்ளுவதை மார்க்கம் ஏற்காது. அவனைத் தள்ளுவது புயல் மட்டுமல்ல, கந்துவட்டியும்தான். "இறங்கி வா" என்று கரையிலிருந்து கத்துவது எளிது. இறங்கி வந்த பிறகு அந்தக் கடனுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் குரல் அவன் காதில் விழும்.

தவ்பா சூராவின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் கடன்பட்டோரும் ஒரு வகை. படகையும் இழந்து கடனிலும் நிற்பவர் அதில் வருகிறார். தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிற்கருவி வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் எழுதியிருக்கிறார்கள். படகுக் கயிற்றுக்குப் பைத்துல்மால் பணமா என்று அன்று எழுந்த கேள்விக்கு இதில் வழி இருக்கிறது. அன்று நாம் உலமாக்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஒத்திவைத்தோம்.

ஆகவே உலமாக்களிடம் ஆலோசித்து, கமிட்டி மூன்று முடிவுகளை எடுத்திருக்கிறது. உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

முதலாவது, கடல் தொழிலில் உள்ள நம் உறவுக் குடும்பங்களுக்குக் கயிறு, சங்கிலி, நங்கூரம், உயிர்காப்பு அங்கி வாங்க வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்கப்படும். ஆவணியிலேயே விண்ணப்பம் வாங்கி, புரட்டாசி முடிவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும். போதிய உறுப்பினர்கள் வரவில்லை என்று இந்த விண்ணப்பங்களை ஒத்திவைக்கக் கூடாது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டால் போதும்.

இரண்டாவது, கூண்டு பற்றியது. துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் தொலைவில் கடலில் புயல் சின்னம். 3, 4 என்றால் துறைமுகத்திற்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பேராபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. நம் உதவி பெறும் குடும்பங்களிடம் ஒரு வாக்குக் கேட்கிறோம். 3 ஏறும்போது படகைக் கட்டும் வேலை முடிந்திருக்க வேண்டும். சிறு வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். 5 ஏறிய பிறகு படகில் ஆள் இருக்கக் கூடாது. அரசு அதற்கு முன்பே இறங்கச் சொன்னால் அந்த உத்தரவுதான் முடிவு.

அந்த வாக்குக்குப் பதிலாக நாமும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். அப்படி இறங்கி வந்தவரின் படகு போய்விட்டால், அந்த வீட்டின் அடுப்பு அணையாது. அரசு நிவாரணத்திற்கான மனுவை நாமே உடனிருந்து எழுதிக் கொடுப்போம். கடன்காரரிடம் பேச நம்மில் இருவர் போவார்கள். தகுதி பார்த்து ஜகாத்திலிருந்து கடனில் ஒரு பகுதியை அடைப்போம். இந்த வாக்கைப் புயல் வருமுன்பே அவர் மனைவியின் கையில் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவருக்குப் போன் செய்து "இறங்கி வாங்க, ஜமாஅத் இருக்கு" என்று சொல்ல அந்தத் தாளைவிடப் பெரிய பலம் வேறில்லை.

மூன்றாவது, ஸதகா நிதியில் ஒரு பங்கு, நம்மவரைக் காப்பாற்றிய குப்பத்து மீனவர்கள் போன்ற பிற சமயத்துக் குடும்பங்களுக்கும் இதே காரியத்திற்காக ஒதுக்கப்படும். கயிறு வீசிய கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பாரசீக மொழியில் நங்கூரத்திற்கு லங்கர் என்று பெயர். ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சோறு போடும் இடத்திற்கும் அதே லங்கர் என்றுதான் பெயர். நம் அறக்கட்டளை இதுவரை இரண்டாவது லங்கரை நடத்தி வந்தது. இந்த ஆண்டு முதல் முதலாவது லங்கரையும் சேர்த்து நடத்துவோம், இன்ஷா அல்லாஹ்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். கடல் தொழிலில் உள்ள உறவினர் இருந்தால் அவர் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். அழகிய கடன் நிதிக்குத் தர விரும்புவோர் அடுத்த பக்கத்தில் எழுதலாம். இன்று நங்கூரம் போட வேண்டியவர்கள் நாம். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. காற்று எழும்பிய பிறகு கயிறு தேடக் கூடாது.

கடலில் இருப்போரையும் கரையில் காத்திருப்போரையும் அல்லாஹ் காப்பானாக. நம் தாமதங்களை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.